அத்தானின் ஏச்சும் ஒரு காட்டேறியின் காதலும்

நான் வேலை செய்வது கொடிகாமத்தில், மிளகாய்த்தூள் அரைக்கிற ஒரு மில்லில். பெண்கள் வீட்டில் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள். நான் இயந்திரத்தில் போட்டு அரைத்துக் கொடுப்பேன். மில் ஓடத் தொடங்கிவிட்டால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்தது. ஆட்களோடு கதைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம்.

என் மகள் புதுப் போன் வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தாள். அதோடு காதுக்குள் செருகுகிற, வயர் இல்லாத இரண்டு சின்ன இயர்போன்களும் வந்தன.

"மில் சத்தம் காதைப் பழுதாக்கிப்போடும் அப்பா. இதைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேளுங்கோ" என்றாள்.

முதல் நாள் பாட்டுத் தேடி எதையோ அமத்தினேன். பாட்டு வரவில்லை. ஒரு பெண் கதை வாசிக்கத் தொடங்கினாள். இந்தியக் குரல். சுத்தமான தமிழ். நிறுத்துவோம் என்றால் கை முழுக்க மிளகாய்த்தூள். அந்தக் கையால் போனைத் தொட்டுவிட்டுப் பிறகு மறந்துபோய்க் கண்ணைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வாளியை முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தபோது, நிறுத்த மனம் வரவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியவேண்டும்போல் இருந்தது.

கதாநாயகன் ஒரு வாம்பயர் என்று அந்தப் பெண் சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் அது எங்கள் ஊர் இரத்தக் காட்டேறி மாதிரி ஒன்று என்று விளங்கியது. ஆனால் எங்கள் ஊர்க் காட்டேறிக்கு இவ்வளவு நல்ல பழக்கவழக்கம் கிடையாது. இவருக்குப் பல நூறு வயது. எல்லாரையும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். ஒரு மலை ஊரில் பேக்கரி வைத்திருக்கும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் கடை பூட்டப் போகிற நேரத்தில் வந்து ஒரு பணிஸ் வாங்குவார். அவரால் பணிஸ் சாப்பிட முடியாது. கொண்டுபோய் அலுமாரியில் வைப்பார். அலுமாரி நிரம்பிப் பிறகு கட்டிலுக்குக் கீழேயும் பணிஸ்.

எல்லாவற்றையும்விட, அவருக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். பேக்கரிப் பெண் பாண் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து மாவு மூட்டைகளுக்கு மேல் மயங்கி விழுந்துவிட்டார். மாதுளம்பழச் சாற்றில்தான் உயிர் வாழ்ந்தார். கூச்சக்காரக் காட்டேறி. எனக்கு ஆளை உடனே பிடித்துப்போனது. மாதுளம்பழம் விற்கிற விலைக்கு எங்கள் பக்கத்தில் அவரால் இருக்க முடியாது, பீற்றூட்டில்தான் சமாளிக்கவேண்டும் என்று அவருக்காக யோசித்தும் வைத்தேன்.

மில்லில் இருந்து இந்தக் கதை கேட்பதில் ஒரு வசதி, எங்கே கண்ணீர் வந்தாலும் பயமில்லை.

"அண்ணை, இண்டைக்கு மிளகாய் நல்ல உறைப்புப் போலை" என்பார்கள்.

"ஓம் தங்கச்சி" என்பேன். உண்மையில் அன்று பேக்கரிப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள்.

சிரிப்புத்தான் சிக்கல். ஒரு நாள் நான் வாளிக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றதை இரண்டு பெண்கள் கண்டுவிட்டார்கள்.

"உவர் ஏன் மல்லியைப் பாத்துச் சிரிக்கிறார்?"

"மனுசிக்காரியிட்டைச் சொல்லவேணுமடி. தூள் தலைக்கு ஏறிட்டுது."

சொல்லியும் விட்டார்கள். அன்று பின்னேரம் என் மனைவி, "என்னப்பா கேக்கிறியள் உதிலை?" என்று கேட்டாள்.

"பேய்க் கதை."

"பேய்க் கதைக்கோ சிரிக்கிறது? தாங்கோ பாப்பம்" என்று ஒன்றை வாங்கித் தன் காதில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் காட்டேறியும் பேக்கரிப் பெண்ணும் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார்கள். மனைவி சூடான சட்டியைத் தொட்டதுபோல இயர்போனைப் பிடுங்கி என் கையில் வைத்தாள்.

"உது பேய் செய்யிற வேலையோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. தை மாதத்தில் நாள். மார்கழியில் சொந்தக்காரருக்குச் சொல்லி முடிக்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் சொல்வது என்றால், வீடு தேடிப் போகவேண்டும். உள்ளே போய் இருக்கவேண்டும். தேத்தண்ணி குடிக்கவேண்டும். கார்டைக் கையில் கொடுத்து, வாயாலும் "கட்டாயம் வரவேணும்" என்று சொல்லவேண்டும். தபாலில் கார்டு அனுப்பினால் அரைவாசி சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். தெருவில் கண்டு கொடுத்தால் சொல்லவேயில்லை என்றுதான் கணக்கு.

நாங்கள் புது வீடு கட்டிக் குடிபூரல் செய்தபோது என் மனைவி என் அக்காவின் புருஷனை, அதாவது என் அத்தானை, சந்தையில் கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் கண்டாள். கையில் கார்டு இருந்தது. கொடுத்துவிட்டாள். அத்தான் அதை வாங்கிப் பையில் கத்தரிக்காயோடு போட்டுக்கொண்டு போனார். குடிபூரலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாசல் படலையையே தாண்டவில்லை. அவர் வராத இடத்துக்கு அக்காவும் வருவதில்லை.

மகள் பள்ளிக்கூடம் போனது அக்கா வீட்டில் இருந்துதான். தலை இழுத்துக் கட்டிவிட்டது, சட்டை தைத்துக் கொடுத்தது எல்லாம் அக்கா, அவளுக்கு மாமி. கல்யாணம் சரிவந்த அன்றே மகள் சொன்னாள்: "மாமி வந்து உடுத்திவிடாமல் நான் கூறைச் சேலை உடுக்கமாட்டன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம். சோற்றுக்குச் சொதி விட்டுக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொன்னால் அவள் மாறமாட்டாள்.

சரி, மனைவியும் நானுமாகப் போய்ச் சொல்லுவோம், அவள் கதைப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலுக்கு மருந்துப் பத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். மகள் தன் கல்யாணத்தைத் தானே போய்ச் சொல்ல முடியாது.

"நான் கத்தரிக்காய்க்குப் பக்கத்திலை நிண்டு சொன்னது காணும். உங்கடை அத்தானுக்கு நீங்கள் போய்ச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். எந்த வீட்டுப் படலையிலும் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட என்னால் முடியவில்லை. நாய் குரைக்கும்வரை நிற்பேன். நாய் குரைத்தால் ஆள் வரும். நாய் இல்லாத வீடுகளில்தான் நேரம் போனது. ஒரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டு, கரண்ட் பில் தர வந்த ஆளாக்கும் என்று நினைத்து, "அங்கை வேலிக்குள்ளை செருகிப்போட்டுப் போ தம்பி" என்றார்.

ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒடுங்கிய ஒழுங்கைகளால் மெல்ல ஓடும்போது ஹெல்மெட்டுக்குள் கதை கேட்பேன். அது கொஞ்சம் தைரியம் தந்தது. ஏனென்றால் காட்டேறிக்கும் அதே கஷ்டம்தான். வாம்பயருக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். வீட்டுக்காரர் வாயைத் திறந்து "உள்ளே வாருங்கள்" என்று சொன்னாலொழிய எந்த வீட்டுக்குள்ளும் அவரால் காலடி வைக்க முடியாது. அத்தனை பலம் உள்ளவர், ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவருக்காக நாய் ஒன்று குரைக்காதா என்று இருக்கும்.

அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். போன அன்று மழை. மழைக்கோட்டுப் போட்டு, கார்டைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொல்லவேண்டியதைப் பாடமாக்கியிருந்தேன்: "அத்தான், அக்கா, எங்கடை பிள்ளையின்ரை கலியாணம், நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

ஒழுங்கை முகப்பிலேயே கதையை நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் அந்த நேரத்தில் காட்டேறியும் மழையில் நனைந்துகொண்டு பேக்கரிப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றார். அவர் யார் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள். உள்ளே கூப்பிடுவாளா மாட்டாளா? இன்னும் கொஞ்சத்தில் தெரிந்துவிடும், அதுவரை கேட்போம் என்று, ஹெல்மெட்டைக் கழற்றாமல் படலைக்கு வெளியே நின்றேன்.

அத்தான் வெளியே வந்துவிட்டார்.

அத்தான் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒலிபெருக்கி பழுதான நாட்களில் அவர் குரலிலேயே பஸ்கள் புறப்பட்டதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட குரல் எனக்கு அன்று கேட்கவில்லை. ஹெல்மெட்டில் மழை கொட்டியது. அதற்குள் அந்த இந்தியப் பெண் உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தாள். போன் மழைக்கோட்டுக்கு உள்ளே, சட்டைப் பையில். நிறுத்துவதென்றால் கோட்டைக் கழற்றவேண்டும்.

அத்தான் விறாந்தையில் நின்று ஏதோ சொன்னார். நான் நின்றேன். திரும்பவும் சொன்னார். கையை ஆட்டினார். பிறகு குடையை விரித்துக்கொண்டு படலை வரைக்கும் வந்தார். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. விரல் என் மூக்குக்கு நேரே வந்தது. ஏச்சு விழுகிறது என்று விளங்கிவிட்டது.

ஒருவர் ஏசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றிக் காதுக்குள் விரலை விட்டு, "என்ன சொன்னனீங்கள் அத்தான், முதலிலை இருந்து ஏசுங்கோ" என்று கேட்க முடியுமா? உண்மையைச் சொன்னால், கேட்காமல் இருந்தது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அவர் மூச்சு வாங்குகிற இடங்களில் ஆட்டினேன்.

கடைசியில் அத்தான் நிறுத்தினார். நாடியை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டுவிட்டு மறுமொழிக்காக நிற்கிற முகம். அதே நேரத்தில் என் காதுக்குள் பேக்கரிப் பெண் கதவைத் திறந்துவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் பலமாகத் தலையாட்டினேன். போதாததற்கு இன்னும் ஒரு தரம் ஆட்டினேன்.

அத்தான் திகைத்துப்போனார். குடை கொஞ்சம் சரிந்தது. பிறகு படலையைத் திறந்துவிட்டார்.

விறாந்தைக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே இயர்போன்களையும் சேர்த்து இழுத்து மறைத்துக்கொண்டேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னைப் புதினமாகப் பார்த்தாள். நான் பாடமாக்கியதைச் சொன்னேன். அத்தான் இரண்டு கையாலும் கார்டை வாங்கினார்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாது மச்சான்" என்றார்.

"ஓம் அத்தான்."

"எல்லாச் சனத்துக்கும் முன்னாலை."

"ஓம் அத்தான்."

"மைக்கிலை."

தேத்தண்ணி புரைக்கேறியது.

கோப்பையை வைக்கிற சாட்டில் அடுப்படிக்குப் போனேன். "அக்கா, நான் என்னத்துக்கு ஓம் எண்டனான்?"

"உனக்கென்ன விசரோ? இவ்வளவு நேரமும் உன்ரை மூஞ்சைக்கு நேரை நிண்டு சொன்னார்!"

மறைத்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். காட்டேறியைப் பற்றியும் சொல்லவேண்டி வந்தது. அக்கா தேங்காய் திருவுகிற திருவலைக் கட்டையில் இருந்தபடி சிரித்த சிரிப்பில் பாதித் தேங்காய் உருண்டு கதவடிக்குப் போய்விட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கல்யாண மண்டபத்தில், மகள் கூறை உடுக்கப் போக முதல், நான் மைக்கைப் பிடித்து, "என்ரை அத்தானை றோட்டிலை வைச்சுச் சொன்னது பிழை" என்று சபைக்குச் சொல்லவேண்டும். அதுதான் நிபந்தனை.

"அக்கா, நீங்கள் அத்தானிட்டை ஒருக்காச் சொல்லி..."

"உவர் இனி இறங்கமாட்டார். நீ ஒண்டுக்கு ரெண்டு தரம் தலையாட்டினனி. நீ சொல்லாட்டி மண்டபத்தாலை எழும்பி நடப்பார். நானும் பின்னாலை நடக்கத்தான் வேணும். பிள்ளைக்கு ஆர் உடுத்தி விடுறது?" தேங்காயை எடுத்துத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிறகு அவள் அவனை உள்ளுக்கை கூப்பிட்டவளோ?" என்று கேட்டாள்.

கல்யாணம் வரைக்கும் மில்லில் அதையேதான் பயிற்சி செய்தேன். இயந்திரத்தைப் பெரிதாக ஓடவிட்டு, "சபையோருக்கு வணக்கம், என்ரை அத்தானை..." என்று செத்தல் மிளகாய்க்குச் சொல்வேன். மிளகாய்க்கு முன்னால் நன்றாகத்தான் வந்தது. இரவில் மனைவி, "ரெண்டு வரிதானே அப்பா" என்பாள். எனக்கு அது ரெண்டு வரியாகத் தெரியவில்லை. மனதை ஆற்றுவதற்கு மிச்ச நேரமெல்லாம் காட்டேறிக் கதைதான். அந்தக் கதவு திறந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதுதான் பிழையாய்ப் போனது.

கல்யாணத்தன்று அத்தான் நேரத்தோடே வந்து முன்வரிசையில் இருந்தார். அக்காவைப் பக்கத்தில் இருத்தியிருந்தார். ஐயர் கூறைத் தட்டை மகளின் கையில் கொடுத்தார். மகள் எழும்பினாள். உள்ளே போகவில்லை. தட்டோடு நின்று முதலில் மாமியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை, கெதியாப் போய் மாத்திக்கொண்டு வாங்கோ. முகூர்த்தம் போகுது" என்றார் ஐயர்.

பிள்ளை அசையவில்லை. அக்கா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். அத்தான் சால்வையைச் சரிசெய்துகொண்டு, நாடியை உயர்த்தினார். யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள். அது ஒருமுறை கீச்சிட்டது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த ரெண்டு வரியும் என்னைவிட்டுப் போய்விட்டன. எங்கே தேடியும் இல்லை. அத்தனை மாதமும் என் காதுக்குள் கதைத்தவள் அந்த இந்தியப் பெண் ஒருத்திதான். வாயைத் திறந்தேன். அவள்தான் வந்தாள்.

"என் வாசலில் இத்தனை காலம் காத்து நின்றவரே!" என்றேன்.

எனக்கே திடுக்கிட்டது. ஆனால் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்தது.

"உங்களைத் தெருவிலே நிற்கவைத்த பேதை நான். என்னை மன்னித்துவிடுங்கள். இனி என் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவானாலும் பகலானாலும் வாருங்கள். என் வீடும் என் இதயமும் உங்களுக்காகவே திறந்திருக்கின்றன!"

ஐம்பது வயது தாண்டிய மில்காரன், பட்டு வேட்டியோடு, தன்னைப் 'பேதை' என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன். சபையில் ஒரு சத்தமும் இல்லை. கால் பத்தோடு கதிரையில் இருந்த என் மனைவி மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அவளுக்கு அந்தக் குரல் தெரியும்.

தவில்காரர் பின்பக்கம் பார்த்து யாருடனோ கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மைக்கில் இப்படி உருக்கமாக ஏதோ கேட்டதும் சபை அமைதியாகியதும், தாலி கட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். கெட்டிமேளம் கொட்டிவிட்டார். நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது.

"இப்ப இல்லை! இப்ப இல்லை!" என்று ஐயர் இரண்டு கையையும் ஆட்டினார்.

பின்வரிசைகளில் இருந்த வயதுபோனவர்களுக்கு மேடை தெரியவில்லை. கெட்டிமேளம் கேட்டால் அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசியை வாழ்த்திப் போடவேண்டும். போட்டார்கள். பெரும்பங்கு என் மேலும் அத்தான் மேலும்தான் விழுந்தது. அந்த மண்டபத்தில் அன்று முதலில் கெட்டிமேளம் கொட்டியது எனக்கும் அத்தானுக்கும்தான்.

அத்தான் எழும்பினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். தலையில் அறுகரிசியோடு நின்று, சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தியளோ? வாயே திறவாத பெடியன். என்ன தமிழ்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீ என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்? எழும்பு. பிள்ளை நிக்குது" என்றார்.

அக்கா எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது. மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது இரண்டு பேரின் தோளும் சிரிப்பில் குலுங்கியது. கூறை உடுத்தி முடித்து வர ஆகவும் சுணங்கிவிட்டது என்று ஐயர் என்னைத்தான் ஏசினார். அந்த ஏச்சு முழுக்கக் கேட்டது.

இப்போது அத்தான் ஒவ்வொரு கிழமையும் மில்லுக்கு வருகிறார். கல்யாண வீடியோவில் அந்த இடத்தை மட்டும் தன் போனில் ஏற்றி வைத்திருக்கிறார். தூள் அரைக்க வருகிற பெண்களுக்கு மூட்டையில் இருந்தபடி காட்டுவார். போன கிழமை, கரண்ட் போய் மில் நின்ற நேரத்தில், மழையில் என்னை ஏசிய கதையை அவர்களுக்கு விளக்கமாகச் சொல்லத் தொடங்கினார். அந்த ஏச்சை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஏசவேணும் எண்டு நான் வெளியிலை வரேல்லைப் பிள்ளையள். முதல் நான் என்ன சொன்னன்? 'மழையிலை நிக்காதை மச்சான், உள்ளுக்கை வா, பழசெல்லாம் போகட்டும்' எண்டுதான் சொன்னன். ரெண்டு தரம் கூப்பிட்டன். கையாலையும் கூப்பிட்டன். ஆள் அசையேல்லை! ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு கல்லு மாதிரி நிக்கிறான். அதுக்குப் பிறகுதான் எனக்கு ஏறினது. அப்பதான் மைக்கிலை சொல்லு எண்டன்."

என் கையில் இருந்த வாளி அப்படியே நின்றது.

"அப்ப ஏன் அண்ணை நீங்கள் முதலே உள்ளுக்கை போகேல்லை?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அத்தானே மறுமொழி சொல்லிவிட்டார்.

"மரியாதை, தங்கச்சி. பிழை விட்டால் முழு ஏச்சையும் வாங்காமல் உள்ளுக்கை வரக்கூடாது எண்டு நிண்டவன். இந்தக் காலத்திலை உப்பிடி ஆர் இருக்கினம்?"